பின்சக்கரம் கணக்கு காட்டுதா?

ஒரு சின்ன டெஸ்ட். உங்க வீட்டு காரோ, பக்கத்து வீட்டு காரோ (பர்மிஷன் கேட்டுட்டுத்தான்!), பின்பக்கமா போய்க் குத்துக்காலிட்டு உட்காருங்க. செல்போன் டார்ச்சைப் போட்டு, பின்டயரோட உள்பக்க ஓரத்தைப் பாருங்க. வெளியில நின்னு பார்த்தா தெரியுற பக்கம் இல்லை பாஸ், காருக்கு அடியில ஒளிஞ்சிருக்குற பக்கம். பள்ளம் பள்ளமா டிசைன் இருக்கா, இல்லை மொழுமொழுன்னு இருக்கா?

மொழுமொழுன்னு இருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எங்க அண்ணன் (பெரியப்பா பையன்) கார்ல அது மொழுமொழுவையும் தாண்டி, டயருக்குள்ள இருக்குற கம்பியே வெளியே எட்டிப் பார்த்துச்சு. வெளிப்பக்கம் பார்த்தா புது டயர் மாதிரி பளபளன்னு இருக்கு. பஞ்சர் ஒட்ட வீலைக் கழட்டினப்பதான் விஷயமே தெரிஞ்சது. பஞ்சர் கடைக்காரர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. "இதுலயா பெரியம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயி வந்துனு இருந்தீங்க?"ன்னு மட்டும் கேட்டார்.

ஸ்டைலுக்கு ஆசைப்பட்டு...

ஊர் பெருநகர். காஞ்சிபுரம் - வந்தவாசி ரோட்டுல, உத்திரமேரூர் தாலுகா. அண்ணன் வாங்கினது செகண்ட் ஹேண்ட் செடான். கார் கொஞ்சம் தாழ்வா இருந்தா கெத்துன்னு, நாலு பக்கமும் உயரம் கம்மியான ஸ்பிரிங்கை மாட்டினார். பார்க்க சூப்பராத்தான் இருந்தது. எட்டே மாசத்துல பின்டயர் ரெண்டும் காலி.

"கேம்பர் கிட் போட்டா சரியாயிடும்"னு யாரோ சொன்னாங்க. ஒரு மாசச் சம்பளத்துல பாதியைக் கொடுத்து, நீளத்தைக் கூட்டிக் குறைக்குற ஆர்ம் ஒரு செட் வாங்கி, ஒரு கடையில மாட்டினார். புது டயரும் போட்டாச்சு. "அலைன்மென்ட் பார்த்தாச்சு சார், எல்லாம் பச்சை வந்துடுச்சு"ன்னு அனுப்பி வெச்சாங்க. பிரின்ட் கேட்டதுக்கு, "பிரின்டர் ரிப்பேர்".

அடுத்த மழையில, ஏரிக்கரை வளைவுல, காரோட பின்பக்கம் சரக்குனு வெளியே போச்சு. ஸ்பீடு நாற்பதுதான். உள்ளே பெரியம்மா, அண்ணி, ஒண்ணரை வயசுக் குழந்தை. நல்லவேளை, எதிர்ல வண்டி இல்லை. கார் மண்ணுல இறங்கி நின்னுடுச்சு. புது டயர், புது பார்ட்ஸ், 'பச்சை' அலைன்மென்ட். அப்புறம் ஏன் வழுக்குச்சு?

மெக்கானிக்கல் படிக்கிறேன்ங்குற ஒரே குத்தத்துக்காக இந்தக் கேள்வி என் தலையில விழுந்தது. தேடினேன், படிச்சேன், கையில கிரீஸ் பூசிக்கிட்டேன். கத்துக்கிட்டதை அப்படியே உங்களுக்குச் சொல்றேன்.

பின்சக்கரமும் ஸ்டீயரிங் பண்ணும்!

'முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் சும்மா பின்னாடி வரும்'னுதானே நினைச்சோம்? அங்கேதான் தப்பு. மூணே மூணு வார்த்தையைத் தெரிஞ்சுக்கோங்க.

கேம்பர்: காரைப் பின்னாலிருந்து பார்த்தா சக்கரம் நேரா நிற்குதா, சாய்ஞ்சு நிற்குதான்னு சொல்ற கோணம். மேல்பக்கம் உள்ளே சாய்ஞ்சா நெகட்டிவ் கேம்பர். ஒவ்வொரு பின்சக்கரமும் தனித்தனியா ஏறி இறங்குற சஸ்பென்ஷன்ல காரைத் தாழ்த்தினா, பெரும்பாலும் சக்கரத்தோட தலை உள்ளே சாயும். உள் ஓரம் மட்டும் தேயும்.

டோ: மேலிருந்து பார்த்தா சக்கரம் எந்தப் பக்கம் பார்க்குதுன்னு சொல்றது. ரெண்டு சக்கரத்தோட முன்னோரமும் உள்ளே பார்த்தா டோ-இன், வெளியே பார்த்தா டோ-அவுட். டயரைத் தின்கிற பெரிய வில்லன் கேம்பரைவிட இவன்தான். கணக்கு போட்டுப் பாருங்க: கார் போற திசையிலிருந்து ஒரு சக்கரம் 0.2 டிகிரி விலகி இருந்தா, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 3.5 மீட்டர் பக்கவாட்டுல இழுபடுற மாதிரி. 20 கி.மீ. போனா 70 மீட்டர்! ரோட்டுமேல ரப்பர் போட்டு அழிக்குற வேலை. டயர்மேல குறுக்கே கையை ஓட்டினா, ஒரு பக்கம் வழவழன்னும் மறு பக்கம் ரம்பம் மாதிரியும் தெரிஞ்சா டோ சரியில்லைன்னு அர்த்தம்.

த்ரஸ்ட் ஆங்கிள்: ரெண்டு பின்சக்கரமும் சேர்ந்து காரை எந்தத் திசையில தள்ளுதுங்குறது. ரெண்டுமே லேசா இடது பக்கம் பார்த்தா, காரோட பின்பக்கம் இடது பக்கமாவே நழுவும். நேரா போக நீங்க ஸ்டீயரிங்கை எப்பவும் இடது பக்கம் கொஞ்சம் திருப்பியே வெச்சிருக்கணும். கார் நண்டு மாதிரி நடக்கும்.

இப்போ ஏரிக்கரை மேட்டருக்கு வருவோம். பின்சக்கரத்துக்கு பெரும்பாலான கார் கம்பெனிகள் கொஞ்சூண்டு டோ-இன் கொடுக்குறது, பின்பக்கம் அடக்க ஒடுக்கமா பின்னாடியே வரணும்னுதான். அது டோ-அவுட்டா மாறிட்டா, வளைவுல பின்பக்கம் தானாவே வெளியே ஓடப் பார்க்கும். ஈர ரோடுன்னா கேட்கவே வேண்டாம்.

உங்க காருக்குக் கிட் போட முடியுமா?

கிட் வாங்குறதுக்கு முன்னாடி காருக்கு அடியில எட்டிப் பாருங்க. ஸ்விஃப்ட், ஐ10 மாதிரி நம்ம ஊர் சின்ன கார்கள்ல பின்பக்கம் இருக்கறது ட்விஸ்ட் பீம். ரெண்டு சக்கரத்தையும் இணைக்குற ஒரே இரும்புக் குறுக்குத் துண்டு. இதுல திருகுறதுக்கு எதுவுமே கிடையாது! அளவு மாறியிருந்தா, எங்கேயோ பள்ளத்துல இடிச்சு பீமோ ஸ்டப் ஆக்ஸிலோ வளைஞ்சிருக்கலாம், புஷ்ஷோ பேரிங்கோ போயிருக்கலாம். கெட்டதை மாத்தணும். மிச்சமிருக்குற சின்ன வித்தியாசத்துக்கு, சில கார்கள்ல ஹப்புக்கும் பீமுக்கும் நடுவுல ஒரு பக்கம் தடிமனா, ஒரு பக்கம் மெலிசா இருக்குற ஷிம் தகடு வெப்பாங்க.

ஆக, ட்விஸ்ட் பீம் காருக்கு "நாலு சக்கரமும் அலைன்மென்ட் பண்ணிட்டோம்"னு யாராவது சொன்னா, பின்சக்கரத்தை அளந்திருக்கலாம், திருத்தியிருக்க முடியாது. காசு கொடுக்குறப்போ ஞாபகம் வெச்சுக்கோங்க.

மல்ட்டி லிங்க், டபுள் விஷ்போன் மாதிரி பின்பக்க சஸ்பென்ஷன் இருக்குற கார்களுக்குத்தான் ஆர்ம் கிட். இது ஸ்டைல் பார்ட்டிகளுக்கு மட்டுமான விஷயம்னு நினைக்காதீங்க. அமெரிக்காவுல 2006, 2007 மாடல் ஹோண்டா சிவிக் கார்கள்ல பின்டயர் சீக்கிரம் தேயுதுன்னு புகார் வந்து, 2008-ல் கம்பெனியே சர்வீஸ் புல்லட்டின் போட்டு, பின்பக்க மேல் ஆர்ம்களை மாத்தச் சொன்னது. ஒரு ஆர்மோட அளவுல வர்ற சின்ன வித்தியாசம் ஒரு டயரோட ஆயுளையே பாதியாக்கிடும்ங்குறதுக்கு இதைவிட பெரிய சாட்சி வேணுமா?

கிட்டுல என்னதான் இருக்கும்? நடுவுல திருகினா நீளம் மாறுற கேம்பர் ஆர்ம், அதே மாதிரி டோ ஆர்ம், இல்லைன்னா மையம் விலகின எக்சென்ட்ரிக் போல்ட். ஃபார்முலா பாரத் போட்டிக்கு கார் செய்யற காலேஜ் டீம்ல உங்க ஃப்ரெண்ட் யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. ஒரு முனையில வலது மரை, மறுமுனையில இடது மரை இருக்குற கம்பி அது. கழட்டாமலே திருகி நீளத்தை மாத்தலாம்.

கொத்தனார் நூல், தூக்குக்குண்டு

எங்க வீட்டுப் பக்கத்துல ஒரு கொத்தனார் மாமா. கதையைக் கேட்டுட்டு, "கம்ப்யூட்டர் இல்லாட்டி என்னாப்பா? செவுரு நேரா நிக்குதான்னு நான் என்னா கம்ப்யூட்டர்லயா பார்க்குறேன்?"னு நூலையும் தூக்குக்குண்டையும் எடுத்துக்கிட்டு வந்துட்டார்.

ரேஸ் டீம்களும் இதேதான் செய்யறாங்கன்னு சொன்னா மாமா நம்பலை. ஆனா நிஜம். ஸ்டாண்ட் வெச்சு, காரோட ரெண்டு பக்கமும் நூல் கட்டி அளக்குறது இன்னிக்கும் ரேஸ் பிட்கள்ல பார்க்கக்கூடிய காட்சிதான்.

நெல் காய வைக்குற சிமென்ட் களத்துல காரை நிறுத்தினோம். மாமா தண்ணி டியூப் பிடிச்சுப் பார்த்துட்டு, "களத்துல தண்ணி வடிய வாட்டம் விட்டிருக்கு தம்பி. இடது பக்கம் எறங்கியிருக்கு"ன்னார். அந்தப் பக்கம் டயருக்கு அடியில பலகை வெச்சு மட்டம் பண்ணினோம். இதைச் செய்யாம அளந்திருந்தா கேம்பர் அளவு முழுக்கப் பொய்!

அப்புறம் ரெண்டு பக்கமும் ஹப் உயரத்துல நூல். முன் ஹப்புலேருந்து நூலுக்கு இடமும் வலமும் ஒரே தூரம். பின் ஹப்புலேருந்தும் இடமும் வலமும் ஒரே தூரம். (முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசம் இருக்கலாம், தப்பில்லை.) ரெண்டு நூலும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கணும். இப்போ பின் ரிம்மோட முன் விளிம்புலேருந்து நூலுக்கும், பின் விளிம்புலேருந்து நூலுக்கும் தூரத்தை ஸ்கேலால அளந்தா, வித்தியாசம்தான் டோ.

15 இன்ச் ரிம்மோட வெளி விளிம்பு சுமார் 41 செ.மீ. அதுல 1 டிகிரின்னா சுமார் 7 மி.மீ. வித்தியாசம். எங்களுக்கு வந்த ரிசல்ட்: இடது பின்சக்கரம் 3 மி.மீ. வெளியே. வலது பின்சக்கரம் 1 மி.மீ. உள்ளே. அதாவது ரெண்டுமே இடது பக்கம் பார்த்துக்கிட்டு, மொத்தத்துல டோ-அவுட்! கேம்பரைச் சரி பண்ண ஆர்மைத் திருகினவங்க, அதனால மாறின டோவைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. ஸ்டீயரிங் ஏன் இடது பக்கம் கொஞ்சம் திரும்பியே இருந்ததுன்னும் அப்பதான் புரிஞ்சது.

"நூலு பொய் சொல்லாது தம்பி"ன்னார் மாமா. அண்ணன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமா இருந்தது.

திரும்ப முதலேருந்து...

முதல் முடிவை அண்ணனே எடுத்தார். பரண்ல கிடந்த பழைய ஸ்பிரிங்கை இறக்கினார். "கெத்து போதும்டா." ஸ்பிரிங்கை அழுத்திக் கழட்ட கம்ப்ரஸர் கருவியும் அனுபவமும் வேணும். தெறிச்சா உயிருக்கே ஆபத்து. அதனால ரோட்டோர மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குப் போயிட்டோம். அவர் செஞ்ச வரிசை இதுதான், நோட் பண்ணிக்கோங்க.

1. முதல்ல செக்கிங். டயர் காற்று, வீல் பேரிங் ஆட்டம், புஷ் கிழிசல், வளைஞ்ச ஆர்ம். கெட்டுப்போன புஷ்ஷை வெச்சுக்கிட்டு அலைன்மென்ட் பண்றது, ஓட்டை வாளியில தண்ணி மொள்ளுற மாதிரி.

2. சமதரை. முன்சக்கரத்துக்குக் கட்டை. வீல் நட்டைத் தரையிலேயே லூஸ் பண்ணிட்டு அப்புறம்தான் ஜாக்கி. தூக்கினதும் ஸ்டாண்ட். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில தலையை விடவே கூடாது. இந்த ஒரு வரியை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டாலும் போதும்.

3. துரு பிடிச்ச போல்ட்டுக்கு முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊற வைக்கணும். புஷ்ஷுக்குள்ள இருக்குற இரும்புக் குழாயோட போல்ட் ஒட்டிக்கிட்டு வராம அடம் பிடிக்கும்.

4. ஆர்மைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஹப் பகுதிக்குக் கீழே தாங்கல் கொடுக்கணும். இல்லைன்னா அதோட எடை பிரேக் ஹோஸ்லயும் ஏ.பி.எஸ். வயர்லயும் தொங்கும்.

5. பழைய ஆர்ம்ல ஓட்டை மையத்துலேருந்து ஓட்டை மையம் வரைக்கும் அளந்து, புது ஆர்மையும் அதே நீளத்துக்கு வெச்சுத்தான் மாட்டணும். தொடக்கப் புள்ளி தெரியாம திருகினா, இருட்டுல ஊசி தேடுற கதை. மரை போதுமான அளவு உள்ளே இருக்கணும். கிட்டுல குறிச்ச எல்லையைத் தாண்டி வெளியே இழுக்கக் கூடாது. தானா பூட்டிக்குற நட்டுன்னா புதுசுதான் போடணும்.

6. இதுதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம்! வீல் தொங்குறப்போ புஷ் போல்ட்டை முழுசா டைட் பண்ணக் கூடாது. ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே இறுகிடும். காரைக் கீழே இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கிட்டே இருந்து, சீக்கிரம் கிழிஞ்சுடும். கையால மட்டும் இறுக்கி, காரோட எடை சக்கரத்துல இறங்கின பிறகு, மேனுவல்ல சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் வெச்சு முறுக்கணும்.

7. ஆர்ம் ஏறி இறங்குற வழியில பாடி, பிரேக் பைப், ஸ்பிரிங் எதையும் உரசலையான்னு பார்க்கணும்.

8. ஜாக்கியிலேருந்து இறக்கினதும் காரைக் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டி சஸ்பென்ஷனை செட்டிலாக விடணும். அப்புறம்தான் அலைன்மென்ட். முதல்ல பின்பக்கம், பிறகு முன்பக்கம். பின்பக்கத்துல முதல்ல கேம்பர், பிறகு டோ, ஏன்னா கேம்பரைத் தொட்டா டோ மாறும். கடைசியா பூட்டு நட்டு.

9. நூறு, இருநூறு கி.மீ. ஓட்டிட்டு வந்து எல்லா நட்டையும் இன்னொரு தடவை பார்க்கணும்.

பழைய ஸ்பிரிங் மாட்டினதுமே கேம்பர் பெரும்பாலும் தானா சரியாயிடுச்சு! புது புஷ்ஷுக்கு அப்புறம் மிச்சமிருந்த கொஞ்ச வித்தியாசத்துக்குத்தான் கிட் தேவைப்பட்டது. கிட்டோட நியாயமான வேலையே அதுதான், காரைக் கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்பக் கொண்டு வர்றது. பிறகு வேறொரு கடையில மெஷின்ல ஏத்தி, பிரின்ட் வாங்கினோம். மாமா அந்தப் பேப்பரை வாங்கி, தலைகீழா பிடிச்சுக்கிட்டு, "நம்ம நூலு சொன்னதேதான் போட்டிருக்குது"ன்னார்!

சட்டமும் பார்க்குது பாஸ்

கம்பெனி அளவை விட்டு விலகி காரை மாத்துறது சட்டப்படியும் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவை வெச்சு, 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு: தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் பதிவான விவரங்களுக்கு மாறா வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்துல 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாம மாற்றம் செய்யற உரிமையாளருக்கு 6 மாசம் வரை ஜெயில், இல்லைன்னா மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ரெண்டும். சந்தேகம்னா ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் கம்பெனியிலயும் முன்னாடியே கேட்டுடுங்க. ஆக்ஸிடென்ட்டுக்கு அப்புறம் கேட்டு பிரயோஜனம் இல்லை.

கடைக்குப் போறீங்களா? இதைக் கேளுங்க!

* வேலைக்கு முன்னாடி ஒரு பிரின்ட், பின்னாடி ஒரு பிரின்ட் தருவீங்களா?
* பின்சக்கரத்தோட டோ இடது எவ்வளவு, வலது எவ்வளவு? த்ரஸ்ட் ஆங்கிள் எவ்வளவு?
* என் கார் மாடலுக்கான அளவைத்தான் மெஷின்ல தேர்ந்தெடுத்தீங்களா? (வேற மாடல்னா பச்சைக்கு அர்த்தமே இல்லை.)
* புஷ் போல்ட்டைக் கார் தரையில நிற்குறப்போ முறுக்கினீங்களா?

கேட்டா சிலர் முறைப்பாங்க. பரவாயில்லை, கேளுங்க.

எங்க தாலுகாவோட தலைநகர் உத்திரமேரூருக்கு வந்தா, வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரைப் பாருங்க. முதலாம் பராந்தக சோழன் காலத்துல, கி.பி. 919-லயும் 921-லயும் வெட்டின குடவோலைக் கல்வெட்டு. ஊர் வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவர் பேரை ஓலையில எழுதிக் குடத்துல போடவே கூடாதுன்னு விதி. அவர் சொந்தக்காரங்களுக்கும் அதே கதிதான்!

ஆயிரத்து நூறு வருஷம் முன்னாடியே எங்க ஊர்க்காரங்க தெளிவாத்தான் இருந்திருக்காங்க. 'பச்சை வந்துடுச்சு'ன்னு வாயால சொல்றது கணக்கு ஆகாது. பேப்பர்ல காட்டணும்.

அண்ணன் அந்த ரெண்டு பிரின்ட்டையும் ஆர்.சி. புக்கோட சேர்த்து வெச்சிருக்கார். இப்போ மாசம் ஒரு தடவை, செல்போன் டார்ச்சைப் போட்டுக்கிட்டுப் பின்டயருக்குள்ள எட்டிப் பார்க்குறது எங்க வீட்டு வழக்கம். பெரியம்மாகூட கார்ல ஏறுறதுக்கு முன்னாடி, "உள்பக்கம் பார்த்துட்டியாடா?"ன்னு கேட்டுட்டுத்தான் கதவைத் திறக்குறாங்க.

நீங்க பார்த்துட்டீங்களா?